நூற்று ஐம்பத்தெட்டரை

குதித்தால்தான் அவருக்கு எட்டும். விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் பின்னால் போவார். குளியலறைச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒரு இரும்புக் குழாயை அவரே பதித்திருந்தார். அதற்கு நேர் கீழே நின்று, முழங்காலை மடக்கி, ஒரே எம்பில் எம்பிப் பிடித்துக்கொள்வார். பிறகு தொங்குவார். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற பழக்கமெல்லாம் கிடையாது. அடுப்பில் நான் வைத்த பால் பொங்கும்வரை தொங்குவார். "பால் பொங்கிடுச்சு" என்று நான் குரல் கொடுத்ததும் இறங்கி, உள்ளங்கையில் ஒட்டிய துருவைத் தட்டிக்கொண்டு வருவார். பகலில் அதே குழாயில் நான் துணி காயப்போடுவேன். எனக்குக் குதிக்க வேண்டியதில்லை. கையைத் தூக்கினால் எட்டும்.

என் கணவர் ஃபக்ருதீனைவிட நான் நான்கு விரற்கடை உயரம். கிருஷ்ணகிரியில் எங்கள் நிக்காஹ் நடந்தபோது அவருக்கு இருபத்து நாலு வயது. நிச்சயம் ஆனதிலிருந்து கல்யாணம்வரை நான்கு மாதம், மரம் அறுக்கும் பட்டறைக்குப் பின்னால் இருந்த வேப்பமரக் கிளையில் தினமும் தொங்கினாராம். பீடி குடித்தால் வளர்த்தி நின்றுவிடும் என்று யாரோ சொல்ல, அதையும் விட்டாராம். நகக்கண் அளவுகூட வளரவில்லை. இதையெல்லாம் கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். வளரவில்லையே தவிர, தொங்குவதையும் விடவில்லை, பீடியையும் திரும்பத் தொடவில்லை.

"இன்னும் எங்க வளரப் போறீங்க?" என்று கேட்டால், "வளராட்டி போவுது, இருக்கறது கொறையாம இருக்கணுமில்ல" என்பார்.

கல்யாணம் முடிந்து முதல் தடவை பஸ் ஏறியபோது என் தம்பி முனீர் அகமது கூட வந்தான். அப்போது அவனுக்குப் பதினான்கு வயது இருக்கும். கண்டக்டர் டிக்கெட் கேட்டதும், "அக்காவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, மச்சானுக்கு அரை டிக்கெட்டு" என்றான். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் அவருக்கு அதுவே பெயர். முனீர் வளர்ந்து, மாங்காய் மண்டி வைத்து, மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன் ஆன பிறகும் "அரை டிக்கெட்டு இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவான். நான் அந்த பஸ் நாளிலிருந்து கழுத்தைத் தாழ்த்தி நடக்கக் கற்றுக்கொண்டேன். அவரோடு தெருவில் போனால் அரை அடி பின்னால், தோளைக் குறுக்கிக்கொண்டு போவேன். ரோட்டில் மேடும் பள்ளமுமாக இருந்தால் பள்ளத்தில் நான் நடப்பேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொண்டதே இல்லை.

எழுபத்தாறில் ஓசூருக்கு வந்தோம். சிப்காட்டில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் அவருக்கு வேலை. சூளையிலிருந்து வரும் சிவந்த இரும்பை நீண்ட இடுக்கியால் பிடித்து சுத்தியல் மெஷினுக்குக் கீழே வைத்துத் திருப்பிக் கொடுக்கிற வேலை. இருபது கிலோ இரும்பை நாளெல்லாம் திருப்புவார். நாற்பத்தெட்டு வயதிலும் வயிறு பலகை மாதிரி இருந்தது.

எண்பத்தொன்பதாம் வருஷம் பங்குனி மாதம் பெங்களூரிலிருந்து ஒரு டாக்டரம்மா கம்பெனிக்கு வந்தார்கள். கன்னடக்காரர். நாகரத்னா என்று பெயர். ஆண்களின் உடம்பில் வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது, அவர்கள் வாழ்கிற விதத்துக்கும் உடம்பு வாகுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று ஆராய்ச்சி செய்கிறவர். கம்பெனியில் முப்பத்திரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப் பேர் நாற்காலி வேலைக்காரர்கள், பாதிப் பேர் சூளையும் மெஷினும் இருக்கிற ஷாப்பில் வேலை செய்கிறவர்கள். எங்கள் லைன் வீடுகளிலிருந்து மட்டும் பதினொரு பேர். இந்த விஷயத்தை வீட்டு வாசலில் நின்று விளக்கியவர் கம்பெனி கம்பவுண்டர் முனிவேல்.

"சின்னப் புள்ளைங்கள வளத்தறது இதுதாங்கா. வளந்து முடிஞ்ச பின்னாடியும் ஒடம்புல ஊறிக்கினே இருக்கும். கொழுப்பக் கரைக்கும், சதையப் புடிச்சி வெக்கும். நல்லாத் தூங்கறவன், ஒடம்ப வளைச்சி வேலை செய்யறவனுக்கு ஜாஸ்தி. தொப்பை வெச்சவனுக்குக் கம்மி. வயசு ஆவ ஆவ கொறையும்."

பக்கத்து வீட்டு வெங்கடப்பன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கிரேன் ஆபரேட்டர். வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடிதான் எழுந்திருப்பார். "வளர்ச்சிக்கான மருந்தா? அப்ப நம்ம பாய் ஒடம்புல அது சுத்தமா இருக்காதே. எதுக்கு அவன் ரத்தத்த வீணா உறிஞ்சிக்கினு?" என்றார். லைனே சிரித்தது. வழக்கம்போல இவரும் சிரித்தார்.

ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள், தமிழில் அச்சடித்தது. நான் எட்டாவது வரை படித்தவள், லைனில் யாருக்குக் கடிதம் வந்தாலும் எழுத வேண்டியிருந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். அதனால் பதினொரு படிவங்களையும் நான்தான் நிரப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேலை. எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், பீடி சிகரெட் உண்டா, குடிப்பழக்கம் உண்டா, இருபது வயதில் என்ன எடை. பீடி இல்லை என்று எழுதச் சொன்னவர்களின் சட்டைப் பையில் பீடிக்கட்டு தெரிந்தது.

"எனக்கு எட்டு மணி நேரத் தூக்கம்னு போடு தங்கச்சி" என்றார் வெங்கடப்பன்.

"வீட்டுல எட்டா, கிரேன் மேல எட்டா? கேட்டு எழுது முனவரு" என்றார் இவர் உள்ளேயிருந்து என்னிடம்.

உயரம், எடை, இடுப்புச் சுற்று மூன்றையும் முனிவேல் அளந்து சொல்லச் சொல்ல எழுதினேன். இவருடைய உயரம் நூற்று ஐம்பத்தெட்டரை சென்டிமீட்டர். நான் நூற்று ஐம்பத்தெட்டு என்று எழுதியதைத் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "அரைய விட்டுட்டியே. போடு" என்றார். போட்டேன்.

கடைசிக் கேள்வி, பரிசோதனைக்கு முன் கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்பது. "அதுக்கு எல்லாருக்கும் ஒரே பதில்தாங்கா. காலைல எட்டு மணி, இட்லி நாலு. அன்னிக்கி கேன்டீன்ல நாங்களே குடுத்துடுவோம்" என்றார் முனிவேல். படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. உணவு உண்டால் இந்தச் சுரப்பு இறங்கும், நெடுநேரம் பட்டினி இருந்தால் ஏறும், ஆகவே உண்ட நேரத்தைச் சரியாகக் குறிப்பிடவும் என்று. லைனில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான். படித்துவிட்டு, பதினொரு தாளிலும் காலை எட்டு மணி, இட்லி நாலு என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனேன்.

இவருடைய முறை வந்தபோது ரமலான் பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ரத்தம் கொடுத்தால் நோன்பு முறியுமா என்று பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொண்டார். முறியாது என்றார்கள். விடியுமுன் சஹருக்குச் சாப்பிட்டுவிட்டுப் போனவரைக் காலை ஒன்பதிலிருந்து மதியம் மூன்றுவரை கம்பெனி மருத்துவ அறையில் படுக்கவைத்து, அரைமணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். சித்திரை வெயில். டாக்டரம்மா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டி, "நீருகூட வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். இவர் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார். நோன்பு என்று சொல்லவில்லை. நோன்பைச் சொல்லிக்காட்டுவது அவருக்குப் பிடிக்காது. வீட்டுக்கு வந்து நோன்பு திறந்து கஞ்சி குடிக்கும்போது, "ஊசி போட்டே படுக்க வெச்சிட்டாங்க, நல்லா ஓய்வு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆனி பிறப்பதற்குள் முடிவு வந்துவிட்டது. கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்து, டாக்டரம்மா ஒரு பழுப்புத் தாளைச் சுவரில் ஒட்டினார்களாம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு புள்ளி. முப்பத்தொரு புள்ளிகள் கீழே எறும்புக் கூட்டம் மாதிரி ஒட்டிக்கிடக்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் தாளின் தலைப்பகுதியில் தனியாக இருந்திருக்கிறது. ஆறு புள்ளி நாலு. மற்றவர்களுக்கெல்லாம் மூன்றுக்குள். இருபத்தைந்து வயது அப்ரண்டிஸ் பையன்களுக்குக்கூட அவ்வளவு இல்லை. அந்தப் புள்ளி யாருடையது என்று சொன்னதும் கேன்டீனே எழுந்துவிட்டதாம். ஷாப்பில் இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மேனேஜர் ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முனீர் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பெட்டி செந்தூரா மாம்பழத்தோடு வந்து இறங்கினான். செய்தி மண்டிவரைக்கும் போயிருந்தது. வாசலில் நின்று, "மச்சான் இருக்காராக்கா?" என்று கேட்டான். இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் உள்ளேயிருந்து வந்தார். முனீர் அவர் கையைப் பிடித்து, புஜத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே ஒன்றரை டிக்கெட்டு வாங்கணும் போலகீதே" என்றான். இவர் முகத்தில் வந்த சிரிப்பு நான் அதுவரை பார்க்காதது. மற்றவர்கள் சிரிப்பதற்காகத் தானும் சேர்ந்து சிரித்துவைக்கிற சிரிப்பாக அது இல்லை. எனக்கு மார்பு நிறைந்து போயிற்று. பழம் நறுக்கிய கையோடு வெளியே வந்து, லைனுக்கே கேட்கும்படி தேவையில்லாமல் உரக்கப் பேசினேன்.

வெங்கடப்பனும் வந்து உட்கார்ந்தார். முப்பத்திரண்டு பேரில் அவருக்குத்தான் மிகக் குறைவு. "எனக்கு ஏன் கம்மின்னு சொல்லட்டா?" என்றார் மாம்பழத்தை உறிஞ்சிக்கொண்டே. "எனக்கும் அன்னிக்கேதான் முறை. இந்தப் பாயி நோம்பாச்சே, அவன் தட்டையும் எங்கிட்டயே தள்ளிட்டான். எட்டு இட்லி! தின்னுட்டுப் படுத்தா, ரத்தம் எடுக்கறப்போ கொறட்டை."

எல்லோரும் சிரித்தார்கள். என் கையில் கத்தி நின்றுவிட்டது.

அன்று எழுதும்போது மை கொட்டிக் கெட்டுப்போன படிவம் ஒன்று சமையல் அலமாரித் தட்டில் விரித்துக் கிடந்தது. உப்பு ஜாடியை நகர்த்தி, தாளை எடுத்துத் திருப்பிப் படித்தேன். பட்டினி இருந்தால் ஏறும். வெளியே அவர் பேசிக்கொண்டிருந்த குரல் கேட்டது. அந்தக் குரலிலேயே ஒரு உயரம் வந்திருந்தது. ஜாடியைத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. டாக்டரம்மாவுக்கும் தெரியாது, முனிவேலுக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அந்தப் புள்ளி அங்கேயே இருக்கும். ஒரு மனுஷனுக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் ஒரு உயரம் கிடைத்திருக்கிறது. அதை வாங்கித் தந்ததும் என் எழுத்து, பறிக்கப்போவதும் என் வாயா?

மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் அவர் குழாயில் தொங்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். பால் பொங்கிவிட்டது என்று சொல்ல வேண்டிய நேரத்தில் இதைச் சொன்னேன். அவர் இறங்கவில்லை. தொங்கியபடியே கேட்டார்.

"இன்னா எழுதின?"

"காலை எட்டு மணி, இட்லி நாலு."

குதித்து இறங்கினார். உள்ளங்கையைத் தட்டவில்லை. "எம் பேருக்கு நேராவா?"

"ஆமாங்க. படிவம் எழுதறப்போ ரமலான் வரல. எல்லாருக்கும் எழுதின கை..."

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அடுப்பில் பால் பாதி வழிந்துபோயிருந்தது. அன்று பகல் முழுக்க நான் எந்த வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். எண் பொய்யாகிவிட்டதே என்றுதான் அவர் மனம் உடைந்து போனார் என்று நினைத்தேன். சாயங்காலம் வந்தவர் கைகால் கழுவிவிட்டு என் முன்னால் உட்கார்ந்து, "டாக்டரம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுது. நா சொல்றேன்" என்றார்.

"சொல்லாம விட்டா யாருக்குங்க தெரியும்?" என்று கேட்டேன். வாய் தவறிக் கேட்கவில்லை. அந்தப் புள்ளி இறங்குவதை என்னால் தாங்க முடியாது என்றுதான் கேட்டேன்.

"ஏழு வயசுலேருந்து ஒரு நோன்பு விட்டதில்ல முனவரு. சூளைக்கு முன்னாடி நின்னுக்கினு வெச்சிகிறேன். அப்பேர்ப்பட்டவன் ரமலான்ல காலங்காத்தால இட்லி தின்னான்னு ஒரு காகிதம் சொல்லுது. அதுவும் உன் கையெழுத்துல. அது பெங்களூர்ல ஒரு பீரோவுல பத்திரமா இருக்கப்போவுது. அத வெச்சிக்கினு எனக்கு எதுக்கு எவர்சில்வர் கொடம்?" பிறகு, "அந்தம்மா பாவம், என் ஒடம்ப நம்பி நாலு பேருக்கு எதனா சொல்லி வெப்பாங்க" என்றார்.

எழுதினேன். அவர் சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. "நான் அன்று நோன்பு. பன்னிரண்டாவது நோன்பு. இட்லி சாப்பிடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. படிவத்தைத் திருத்திக்கொள்ளவும்." கீழே கையெழுத்துப் போட்டார். அவருக்குத் தமிழில் எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஆடியில் பதில் வந்தது. சாதாரண நாளில் இன்னொரு முறை பார்க்கலாம், பெங்களூருக்கு வர முடியுமா என்று. இருவரும் பஸ் ஏறிப் போனோம். அன்று நான்கு இட்லியை டாக்டரம்மாவே பக்கத்தில் நின்று சாப்பிடவைத்தார்கள். பத்து நாள் கழித்து மறுபடி போனபோது, அந்தப் பழுப்புத் தாளை மேஜையில் விரித்தார்கள். உச்சியில் இருந்த புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. கீழே புதிதாக ஒரு புள்ளி. இரண்டரை.

"எறங்கித்து. ஆனா உங்க வயசுக்காரங்கள்ள நீங்கதான் மேல" என்றார்கள் டாக்டரம்மா. "பீடி இல்ல, தொப்பை இல்ல, நல்ல நித்திரை. அதெல்லாம் சேந்து இது. மேல இருக்கறது உபவாசம். எனக்கு அது புதுசா ஒரு கேள்வி குடுத்துச்சு. யாரும் இப்படி லெட்டர் எழுதி என்னைத் திருத்தினதில்ல." பிறகு என்னைப் பார்த்து, "கையெழுத்து யாருது? முத்து முத்தா இருந்துச்சு" என்றார்கள். தப்பாக எழுதியதும் அதே கைதான் என்று சொல்ல வாய் வரவில்லை. இவர் சொன்னார்: "எங்க வீட்ல. எட்டாவது படிச்சவங்க."

வெளியே வந்ததும், "ரெண்டரையாமே. இங்கயும் ஒரு அரை வந்து ஒட்டிக்கிச்சு பாரு" என்று சிரித்தார். பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தோம். நான் வழக்கம்போல அரை அடி பின்னால், ரோட்டோரப் பள்ளத்தில் நடந்தேன். அவர் நின்றார். திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தன வருசமா இப்பிடிக் குனிஞ்சிக்கினே வர? கழுத்து நோவலியா உனக்கு?"

நான் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"மேல ஏறி வா. நிமிந்து நட."

ஏறினேன். அவருடைய தொப்பிக்கு மேலாக எனக்கு ஜனங்களின் தலைகள் தெரிந்தன. அவர் நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி நடந்துகொண்டிருந்தார். எங்களைத் திரும்பிப் பார்த்தவர்களை நானும் திருப்பிப் பார்த்தேன்.

குடத்தை மேனேஜரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை, அதனால் கேன்டீன் தண்ணீர்க் குடமாக அது கடைசிவரை அங்கேயே இருந்தது. கொஞ்ச நாள் ஷாப்பில் "பாய் எறங்கிட்டாரு" என்று பேச்சு இருந்தது. வெங்கடப்பன்தான் அதை அடக்கினார். "நா எட்டு இட்லி தின்னுட்டு கீழ கெடந்தேன். ஒண்ணும் தின்னாம மேல போனவன், தானே லெட்டர் எழுதி அந்த எடத்த விட்டான். நீ விடுவியாடா?" என்று கேட்பாராம்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் இருந்தார். ரிடையராக மூன்று வருஷம் பாக்கி. ஒரு நாள் மதியம், காலை ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர் வாசல்வரைக்கும் வரவில்லை. வெங்கடப்பன்தான் தூக்கிக்கொண்டு வந்தார். அன்று காலையிலும் பால் பொங்கும்வரை தொங்கியிருந்தார்.

மறுநாள் காலை முனீர் வாசற்படியில் வந்து நின்றான். அவன் தாடி நரைத்திருந்ததை அன்றுதான் கவனித்தேன். "குழி வெட்டறவங்க அளவு கேக்கறாங்கக்கா" என்றான்.

"நூத்தி அம்பத்தெட்டரை. அரைய விட்டுடாத."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். மதியம் லுஹருக்குப் பிறகு எடுத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் அஸர் நேரத்துக்கு அவன் மட்டும் திரும்பி வந்தான். முழங்கால்வரை செம்மண். வீட்டுக்குள் வராமல் பின்பக்கமாகச் சுற்றிப் போய்க் கால் கழுவினான். நான் துண்டு எடுத்துக்கொண்டு போனேன்.

"ஒரு சாண் சேத்து வெட்டச் சொல்லிட்டேங்கா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

"அளவுதான் சொன்னேனே?"

"நல்லா காலை நீட்டிக்கட்டும்" என்றான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு துண்டைக் காயப்போட இடம் தேடி அண்ணாந்து பார்த்தான். குழாய் முழுக்கத் துருவேறி, மழைக்கும் வெயிலுக்கும் கருத்துக் கிடந்தது. இரண்டே இரண்டு இடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, துரு இல்லை. எவர்சில்வர் மாதிரி பளபளத்துக்கொண்டிருந்தது. முனீர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். துண்டை அந்த இரண்டு இடத்திலும் படாமல் ஒரு ஓரமாகப் போட்டுவிட்டு முன்பக்கம் போனான்.

நான் குழாய்க்கு நேர் கீழே போய் நின்றேன். கழுத்தை நிமிர்த்திக் கையைத் தூக்கினேன். சாயங்கால வெயிலில் அந்த இரும்பு இன்னும் சூடாக இருந்தது.